மந்திரிச்ச கயிறும் மத்தியானத் தூக்கமும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில ஒரு தாய் எழுதியிருந்தாங்க, ரெண்டு வயசுப் பிள்ளை ராத்திரியில திடீர்னு வீல்னு கத்துது, கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டே அம்மாவையே யாருன்னு தெரியாம தள்ளிவிடுது, பினாங்குல நல்லா மந்திரிக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கன்னு. அவங்களுக்குத்தான் இந்தக் கடிதம். ஆனா அவங்க மாமியார் கையில கிடைச்சா இன்னும் நல்லது, ஏன்னா நானும் ஒரு மாமியார்தான், அந்த வீட்டுல இப்ப என்ன பேச்சு ஓடிக்கிட்டிருக்கும்னு எனக்குத் தெரியாதா.

எனக்கு 62 வயசு. பாயான் லெப்பாஸ்ல 27 வருஷம் எலக்ட்ரானிக் கம்பெனியில ஷிஃப்ட் வேலை பாத்துட்டு இப்ப வீட்டுல இருக்கேன், ஜெலுத்தோங்ல ஒன்பதாவது மாடி பிளாட்டு, மகன் மருமக ரெண்டு பேரும் வேலைக்குப் போறதால ரெண்டரை வயசுப் பேரன நான்தான் பாத்துக்குறேன். டைப் பண்றதுல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க, ஹேண்ட்போன்லதான் தட்டுறேன்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்குத்தான் ஆரம்பிச்சது. ரதம் பாக்கணும்னு முதல் நாளே பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டோம், டத்தோ கிராமட் ரோட்டுல தேங்காய் உடைக்கிற சத்தம், பந்தல் பந்தலா பாட்டு, மறுநாள் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு விடியக்காலையிலயே ஏறுனது, பந்தல்ல சாப்பாடு, வெயில், அதுக்கு மறுநாள் ரதம் திரும்புறதையும் விடல. மூணு ராத்திரி அவன் ஒழுங்காவே தூங்கல, தோள்லயே சாஞ்சு சாஞ்சு விழுந்தான். அப்புறம் லேசா காய்ச்சல் வேற. அடுத்த நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும், ஒரு சத்தம் கேட்டது ஐயா, நானும் மூணு பிள்ளை பெத்தவ, அந்த மாதிரி அலறல் கேட்டதே இல்ல. ஓடிப் போயி பாத்தா பிள்ளை மெத்தையில உக்காந்திருக்கான், கண்ணு முழிச்சிருக்கு ஆனா எங்களப் பாக்கல, எங்களத் தாண்டி எதையோ பாக்குது, உடம்பெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கு, நெஞ்சுல கை வச்சா குருவி மாதிரி அடிக்குது. அம்மா தூக்கப் போனா எட்டி ஒதைக்கிறான். பத்து நிமிஷம். அப்புறம் யாரோ சுவிட்ச அமத்துன மாதிரி பொத்துன்னு சாஞ்சு தூங்கிட்டான். காலையில எழுந்து மைலோ கேக்குறான், ஒண்ணுமே நடக்காத மாதிரி. நாங்கதான் பேய் அடிச்ச மாதிரி உக்காந்திருந்தோம்.

அதுக்கப்புறம் வாரத்துல நாலு ராத்திரி, அஞ்சு ராத்திரி. நாங்க என்னென்ன செஞ்சோம்னு சொல்லவே வெக்கமா இருக்கு. முகத்துல தண்ணி தெளிச்சோம், எல்லா லைட்டையும் போட்டோம், தோளப் புடிச்சு உலுக்கி பேரச் சொல்லிக் கத்துனோம், ஒரு நாள் என் மகன் கன்னத்துல லேசா தட்டிக்கூட பாத்தான். எதுவுமே கேக்கல, நாங்க எவ்வளவு புடிக்கிறமோ அவ்வளவு மூர்க்கமா ஆனான். பிளாட்டுன்னா சுவரு எவ்வளவு மெல்லிசுன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது வாரம் கீழ் மாடியில இருக்குற ஒரு மலாய்க்காரப் பொண்ணு கதவத் தட்டி, பிள்ளைய யாரு அடிக்கிறீங்க, பிள்ளைங்கள அடிச்சா புகார் சொல்ற 15999 நம்பருக்கு போன் அடிச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல, அந்த அலறலக் கேட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க, கேட்டும் கேக்காத மாதிரி இருந்தவங்களவிட அது பரவாயில்ல.

இப்ப நான் பேசுன பேச்சுக்கு வர்றேன்.

என் மருமக கூலிம் பக்கம் தோட்டத்துல பொறந்தவ. தைப்பூசத்தன்னைக்கு அவதான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு சாமி ஆடுறவங்க பக்கத்துல நின்னா, அதப் பாத்துத்தான் பயந்துட்டான்னு முதல்ல சொன்னேன். அப்புறம் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து குளிக்காம பிள்ளையத் தொட்டுட்டான்னு சொன்னேன், அவ குளிச்சது எனக்கே தெரியும். பிள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போற ஏக்கம்னு சொன்னேன், நான் மட்டும் 27 வருஷம் எங்க போயிருந்தேனாம். கடைசியா ஒரு நாள், எங்க வம்சத்துல இப்படியெல்லாம் கிடையாது, இது உங்க வீட்டு ரத்தம்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. சமையக்கட்டுல போயி பாத்திரம் கழுவுனா, கழுவுன பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டிருந்தா.

பரிகாரத்துக்குக் குறையே வைக்கல. உப்பு மிளகா சுத்திப் போட்டாச்சு, முருகனுக்கு வேண்டியாச்சு, சூலியா ஸ்ட்ரீட் நாகூர் தர்காவுல துவா கேட்டு தண்ணி வாங்கிட்டு வந்தாச்சு, அது எங்க அம்மா காலத்துப் பழக்கம், அதுல எனக்கு இன்னைக்கும் ஒரு மனக்குறை கிடையாது. பாலம் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் ஒருத்தர் 250 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கிட்டு கயிறு மந்திரிச்சு இடுப்புல கட்டிவிட்டாரு. கட்டுன மறுநாள்லருந்து அஞ்சு நாள் பிள்ளை கத்தவே இல்ல ஐயா! பாத்தியா பாத்தியான்னு நான் மருமககிட்ட எவ்வளவு பேசியிருப்பேன். ஆறாவது நாள் மறுபடி ஆரம்பிச்சது. அந்த அஞ்சு நாள் ஏன் கத்தலன்னு ரொம்ப நாளைக்கு எனக்குப் புரியல, அத அப்புறம் சொல்றேன்.

மருமக என்கிட்ட சொல்லாமலே அரசாங்க கிளினிக்குல நாள் வாங்கிட்டா. அது மட்டுமில்ல, ரெண்டு ராத்திரி அவன் கத்துறத ஹேண்ட்போன்ல வீடியோவும் எடுத்து வச்சிருந்தா. பிள்ளை துடிக்குது இவ படம் புடிக்கிறாளேன்னு அதுக்கும் ஒரு பாட்டு நான் பாடுனேன். ஆனா டாக்டர் முதல்ல கேட்டதே அதத்தான். தமிழ்ப் பொண்ணு, சின்ன வயசு, பொறுமையா ரெண்டு வீடியோவையும் பாத்துச்சு. கை கால் ஒரே தாளமா வெட்டி வெட்டி இழுக்குதா, உடம்பு வெறைச்சுப் போகுதா, வாயில எச்சி ஒழுகுதா, ஒரே ராத்திரியில நாலஞ்சு தடவ வருதான்னு கேட்டுச்சு, அதெல்லாம் இருந்தா அது வலிப்பா இருக்கலாம், வேற டெஸ்ட் பாக்கணுமாம். தூங்குறப்ப குறட்டை விடுறானா, வாயத் தொறந்து மூச்சு விடுறானான்னும் கேட்டுச்சு. எதுவும் இல்லன்னதும்தான் இதுக்கு நைட் டெரர், அதாவது தூக்கத்துக்குள்ளயே வர்ற அலறல்னு பேர் சொல்லுச்சு.

கெட்ட கனவு வேற இது வேற. கெட்ட கனவு விடியக்காலைப் பக்கம் வரும், பிள்ளை முழிச்சிரும், அம்மாவக் கட்டிக்கும், காலையில நாய் துரத்துச்சு பூதம் வந்துச்சுன்னு சொல்லும். இது தூங்கி ஒண்ணுலருந்து மூணு மணி நேரத்துக்குள்ள வரும், ஆழமான தூக்கத்துலருந்து லேசான தூக்கத்துக்கு மாறுற எடத்துல மூளை ஒழுங்கா மாறாம பாதியில சிக்கிக்குது. எனக்கு இது எப்படிப் புரிஞ்சதுன்னா, எங்க பிளாட்டு லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னு போகும்ல, அதே மாதிரிதான். உள்ள இருக்குறவன் இங்கயும் இல்ல அங்கயும் இல்ல. உடம்பு முழிச்சிருக்கு, கத்துது, ஒதைக்குது, ஆனா பிள்ளை தூங்குது. அதனாலதான் நம்மளத் தெரியல, அதனாலதான் காலையில ஞாபகமும் இல்ல. துடிச்சது நாமதான், அவன் இல்லன்னு டாக்டர் சொன்னப்ப என் மருமக அங்கயே அழுதுட்டா.

அப்புறம் டாக்டர் கேட்டுச்சு, குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுல தூக்கத்துல கத்துறது, நடக்குறது இருந்துச்சான்னு. எங்க வீட்டுல யாருக்கும் இல்லன்னு மருமக சொன்னா. நான் வாயத் தொறந்து எங்க பக்கமும் இல்லன்னு சொல்ல வந்தேன். சொல்ல முடியல. என் மகன், இதே பிள்ளையோட அப்பன், ஆறு ஏழு வயசுல ராத்திரி எந்திரிச்சு நடப்பான். ஒரு தடவ அலமாரிக் கதவத் தொறந்து என் சேலை மேலயே ஒண்ணுக்கு அடிச்சிட்டு, வந்து படுத்துக்கிட்டான், காலையில கேட்டா நான் இல்லம்மான்னு சத்தியம் பண்றான். வருஷக்கணக்கா கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதை அது, இதோட சேத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தூக்கத்துல கத்துறதும் நடக்குறதும் ரெண்டும் ஒரே குடும்பத்து சமாச்சாரம்தான், பெத்தவங்ககிட்டருந்து வர்றது ரொம்ப சகஜம்னு டாக்டர் சொல்லுச்சு. எங்க வீட்டு ரத்தம்தான்! மருமக என்னத் திரும்பிக்கூட பாக்கல. பாத்திருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

அப்புறம் அவளே வீட்டுல ஹேண்ட்போன்ல படிச்சு சொன்னா, கனடா நாட்டு கியூபெக்குல பிள்ளைங்களப் பல வருஷம் பின்தொடந்து பாத்து 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க. ஒன்றரை வயசுல நூத்துக்கு 34 பிள்ளைங்களுக்கு இந்த அலறல் இருந்திருக்கு, மூணுல ஒண்ணு, வயசு ஏற ஏற தானா குறைஞ்சிருக்கு. தூக்கத்துல நடக்குற கணக்கும் அதுல இருக்கு: அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லன்னா பிள்ளைங்கள்ல 22 சதவீதம் நடந்திருக்கு, ஒருத்தருக்கு இருந்தா 47, ரெண்டு பேருக்குமே இருந்தா 61. சின்னதுல அலறுன பிள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு பின்னாடி தூக்கத்துல நடந்திருக்கு. இதக் கேட்ட அன்னைக்கே பால்கனி கிரில்லுக்குப் பூட்டு வாங்கிட்டோம், ஜன்னல் பக்கத்துல இருந்த கட்டிலையும் நகத்திட்டோம். பிளாட்டுல இருக்குற எல்லாரும் இத மட்டுமாவது செஞ்சிருங்க. நாங்க ஒன்பதாவது மாடி, நினைச்சாலே வயித்தக் கலக்குது.

சரி, ஏன் வருது? பரம்பரை இருந்தாலும் தினம் வராதாம், எதாச்சும் ஒண்ணு கிளப்பிவிடணும். காய்ச்சல், முட்டிக்கிட்டு இருக்குற ஒண்ணுக்கு, புது எடம், சத்தம், எல்லாம் உண்டு, ஆனா பெரிய காரணம் தூக்கம் பத்தாம போறது. பத்தாத தூக்கத்த ஈடுகட்ட மூளை அளவுக்கு மீறி ஆழத்துக்குப் போயிருது, அங்கருந்து ஏறி வர்றப்பதான் லிஃப்ட் சிக்குது. ஒண்ணுலருந்து ரெண்டு வயசுப் பிள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 11லருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணுமாம், 3லருந்து 5 வயசுக்கு 10லருந்து 13. எங்க பேரன் எவ்வளவு தூங்குறான்னு கேட்டாங்க. ராத்திரி பதினொன்றரைக்குப் படுப்பான், அம்மா கிளம்புற சத்தத்துல ஏழு மணிக்கு முழிச்சிருவான். ஏழரை மணி நேரம். பகல்ல? பகல்ல தூங்க விடுறதில்லன்னு நான்தான் சொன்னேன். பகல்ல தூங்குனா ராத்திரி படுக்க மாட்டான்னு நாலு மாசமா டிவி போட்டுப் போட்டு முழிச்சிருக்க வச்சிருந்தேன், களைச்சுப் போனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான்னு. நம்ம பாட்டிமாருங்க முக்காவாசிப் பேரு இதத்தான் சொல்லுவோம். தலைகீழ் பாடம் ஐயா அது.

அப்பதான் அந்த அஞ்சு நாள் கணக்கு புரிஞ்சது. பட்டர்வொர்த்துல கயிறு கட்டுன மறுநாளே மருமகளுக்குக் காய்ச்சல், எம்சி (மெடிக்கல் லீவு) எடுத்துட்டு அஞ்சு நாள் வீட்டுல இருந்தா. மத்தியானம் அவ படுக்குறப்ப பிள்ளையும் பக்கத்துல படுத்து ரெண்டு மணி நேரம் தூங்குனான், ராத்திரியும் அவளோடயே எட்டரைக்கெல்லாம் படுத்துட்டான். அவ வேலைக்குப் போன அன்னைக்கு மறுபடி கத்துனான். 250 வெள்ளி கயிறு செஞ்ச வேலை இல்ல, மத்தியானத் தூக்கம் செஞ்ச வேலை.

இப்ப எங்க வீட்டு அட்டவணை மாறிப் போச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு நான் டிவிய அமத்திட்டு அவனோட படுக்குறேன், எனக்கும் முதுகு வலி குறைஞ்சிருக்குன்னு வைங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளிச்சம் கம்மி, ஹேண்ட்போன் கையில கொடுக்குறதில்ல, பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு எட்டரைக்குப் படுக்கை. இதுல கஷ்டப்பட்டது என் மகன்தான். அவனுக்கு ஷிஃப்ட் காலையில ஏழுலருந்து ராத்திரி ஏழு, பாலத்து ஜாம் இல்லன்னாலும் வீடு வந்து சேர எட்டு தாண்டிரும், பிள்ளையோட விளையாடணும், மாமாக் சாப்பாட்டுக் கடைக்குத் தூக்கிட்டுப் போகணும், பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) காட்டணும்னு அவனுக்கு ஆசை, அந்த ஆசையிலதான் பதினொன்றரை ஆச்சு. பாவமாத்தான் இருக்கு. அவனுக்கு நாலு நாள் வேலை நாலு நாள் லீவுங்கிறதால, லீவு நாள்ல காலையிலருந்தே பிள்ளைய அவன்கிட்ட விட்டுடுறோம். வேலை நாள்ல அவன் வந்து தூங்குற பிள்ளையப் பாத்துட்டு சாப்பிட உக்காருறான். அந்த மாதிரி லீவு இல்லாத அப்பாமாருங்க என்ன செய்வாங்கன்னு எனக்கும் தெரியல, அதுக்கு யாராச்சும் வழி சொன்னா இதே பகுதியில எழுதட்டும்.

தூக்கத்த சரி பண்ணதுல பாதி குறைஞ்சது. மிச்சத்துக்கு டாக்டர் ஒரு வேலை கொடுத்துச்சு. ஒரு வாரம் நாள்காட்டித் தாள்ல நேரம் குறிக்கச் சொல்லுச்சு, குறிச்சுப் பாத்தா எல்லாம் பத்து மணிய ஒட்டியே வருது, 9.55, 10.05, 10 மணி. அதுக்கு ஒரு கால் மணி நேரம் முன்னாடி போயி லேசாத் தட்டி, பேரச் சொல்லி, கொஞ்சம் அசையுற அளவுக்கு எழுப்பிட்டு மறுபடி தூங்க விடணும், முழுசா முழிக்க வேணாம். தூங்குற பிள்ளைய எழுப்புறது பாவம்னு சொல்லி வளந்தவ நான், முதல் ரெண்டு நாள் கை வரல. மூணு வாரம் செஞ்சோம், செய்யச் செய்ய நின்னு போச்சு. இது நேரம் தவறாம வர்ற பிள்ளைக்குத்தான் சரிப்படும், நீங்களும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

கத்துறப்ப என்ன செய்யணும்னா, அதிகமா ஒண்ணுமே செய்யக் கூடாது, அதுதான் கஷ்டம். லைட்டு போடாம பக்கத்துல உக்காருங்க, கட்டில்லருந்து விழாம, சுவத்துல இடிச்சுக்காம கைய அணை வச்சுப் பாத்துக்குங்க, உலுக்காதீங்க, இறுக்கிப் புடிக்காதீங்க, மெதுவா ஒரே குரல்ல எதாச்சும் சொல்லிக்கிட்டிருங்க, நான் கந்த சஷ்டி கவசம்தான் சொன்னேன். தானா அடங்கும். காலையில பிள்ளைகிட்ட அதப் பத்திப் பேசவே பேசாதீங்க. எங்க சொந்தக்காரங்க ரெண்டு பேரு வந்து, ராத்திரி பேய் வந்துச்சாடான்னு கேட்டுக் கேட்டு, அதுவரைக்கும் பேயின்னா என்னன்னே தெரியாத பிள்ளை படுக்கைக்குப் போகவே பயப்பட ஆரம்பிச்சிட்டான். அது ஒரு பதினஞ்சு நாள் தனிப் போராட்டம்.

என்கூட கம்பெனியில வேலை செஞ்ச ஒரு அக்காவோட பேத்திக்கும் இதேதான், ஆனா அவ லாரி மாதிரி குறட்டை விடுவா. பாத்தா டான்சில் ரெண்டும் வீங்கி மூச்சே அடைச்சு அடைச்சு வந்திருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காமிச்சு அத சரி பண்ணதும் கத்துறதும் நின்னுருச்சு. அதனால குறட்டைய அப்பன் மாதிரியே இருக்கான்னு சிரிச்சு விட்றாதீங்க.

இன்னொண்ணு, இத எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது. பிள்ளை நல்லா தூங்கட்டும்னு சளி மருந்து, இருமல் மருந்து அரை ஸ்பூன் கொடுக்கச் சொல்லி எனக்கே மூணு பேரு சொன்னாங்க, பிள்ளை பாத்துக்குற எடத்துலயும் சில பேரு கமுக்கமா கொடுக்குறாங்கன்னு கேள்வி. சளி இல்லாத பிள்ளைக்கு மருந்தக் கொடுத்து மயக்குறது தூக்கம் இல்ல. ரெண்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளைக்கு கடையில விக்கிற அந்த மருந்துங்கள கொடுக்கவே வேணாம்னு அமெரிக்காவுல 2008லயே சொல்லிட்டாங்க. கயிறு கட்டுனா காசுதான் போகும், இதுல பிள்ளைக்கு மூச்சே போகலாம்.

அந்தக் கடிதம் எழுதுன தாய்க்கு: நீ ஒரு தப்பும் பண்ணல மா. மந்திரிக்கணும்னா மந்திரிச்சுக்கோ, யாரும் தடுக்க வேணாம், எங்க பேரன் இடுப்புலயும் அந்தக் கயிறு இன்னும் இருக்கு. ஆனா வீடியோ எடு, நேரத்தக் குறி, கிளினிக்குப் போ, போறப்ப மாமியாரையும் கூட்டிட்டுப் போ. புருஷன் சின்ன வயசுல எங்கெங்க எந்திரிச்சு நடந்தாருன்னு அங்க வச்சுக் கேளு.

ஆசிரியர் ஐயா, கடிதம் நீளமாயிருச்சு. எடம் பத்தலன்னா நான் கோயில் தர்கான்னு அலைஞ்சத வெட்டிக்குங்க, அலமாரிச் சேலை கதையக்கூட வெட்டிக்குங்க, மகன் பாத்தா கோவிச்சுக்குவான். மத்தியானத் தூக்கம், பால்கனிப் பூட்டு, இந்த ரெண்டையும் மட்டும் வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
ஜெலுத்தோங், பினாங்கு